முதுகெலும்பைத் தாக்கும் பூஞ்சை நோய்கள்

முதுகுவலியை அறியாத மனிதர் மிகச் சிலரே. பெரும்பாலும் அது மிகுந்த உழைப்பாலும், தசைப் பிடிப்பாலும், வயது முதிர்ச்சியாலும் வருவது. சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ஆனால் நோய்க் கிருமிகள் எலும்பினுள் புகுந்து அதனை அரிக்கத் தொடங்குவதால் உண்டாகும் வலி வேறு வகையினது. படுத்தாலும் அது ஓய்வதில்லை; இரவில் உறக்கத்தைக் கெடுக்கும்; வாரந்தோறும் மிகும். உடல் மெலிவும் பசியின்மையும் சிலசமயம் மாலைக் காய்ச்சலும் அதனுடன் சேர்ந்துகொள்ளும்.

நம் நாட்டில் இத்தகைய நோயாளியைக் காணும் மருத்துவர் முதலில் காசநோயையே ஐயுறுகிறார். அது இயல்பே. உலகில் ஆண்டுதோறும் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கின்றனர். எலும்பையும் மூட்டுகளையும் பற்றும் காசநோயில் ஏறக்குறையப் பாதி முதுகெலும்பிலேயே காணப்படுகிறது. ஆகவே காசநோய் என்று கருதி மருந்து தொடங்கினால் பெரும்பாலும் அது பலிக்கிறது. ஆயினும் மிகச் சிலரிடம் எலும்பை அரித்துக்கொண்டிருப்பது காசநோய்க் கிருமி அன்று, பூஞ்சைக் காளான். அவர்கள் மாதக்கணக்கில் காசநோய் மருந்தை உண்டும் பயன் பெறுவதில்லை. அதற்குள் முள்ளெலும்பு நொறுங்கிக் கால்கள் செயலற்றுப் போவதும் உண்டு. அரிய நோயாயினும், உரிய காலத்தில் அறிந்தால் குணப்படுத்தக் கூடியது என்பதால், இதனைப் பற்றி யாவரும் ஓரளவு தெரிந்திருத்தல் நலம்.

முதுகெலும்பின் அமைப்பு

மனிதனின் முதுகெலும்பு 33 முள்ளெலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. அவற்றின் கீழுள்ளவை ஒன்றோடொன்று இணைந்து இடுப்புக் கூட்டின் பின்புறமாகவும் வாலெலும்பாகவும் அமைந்துள்ளன. அசையும் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. அடுக்கி வைத்த இந்த எலும்புகளின் பின்புறத்தில் ஓடும் குழாயினுள் தண்டுவடம் பாதுகாப்பாகச் செல்கிறது. மூளையிலிருந்து கைகால்களுக்குச் செல்லும் கட்டளைகள் யாவும் இதன் வழியே செல்வன.

முள்ளெலும்பின் உட்பகுதி கடற்பஞ்சு போன்றது. இரத்த ஓட்டம் மிகுந்தது. ஆகவே இரத்தத்தில் கலந்துவரும் கிருமிகள் அங்கே எளிதில் தங்கிவிடுகின்றன. வளர்ந்தவர்களின் வட்டுகளிலோ இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இல்லை. சீழ் உண்டாக்கும் சாதாரண பாக்டீரியாக்கள் எலும்பின் விளிம்பில் தங்கி, வட்டினைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, சில வாரங்களிலேயே அதனை அழித்துவிடுகின்றன. காசநோய்க் கிருமிக்கு அத்தகைய நொதிகள் இல்லை. ஆதலால் அந்நோயில் எலும்பு கரைந்த பின்னும் வட்டு நெடுநாள் தப்பி நிற்கும். இந்த வேற்றுமையைக் கொண்டு, படத்தைப் பார்த்த அளவிலேயே மருத்துவர்கள் நோயை ஊகிப்பது வழக்கம். பூஞ்சை நோயிலும் வட்டு நெடுநாள் தப்பி நிற்கக்கூடும் என்பதே சிக்கல். எலும்பு மெல்ல அரிக்கப்படுவதும், அருகில் சீழ்க்கட்டி தோன்றுவதும், இறுதியில் முதுகு வளைந்து கூன் விழுவதும் இரண்டிற்கும் பொது.

முதுகு கூனிக் கால்கள் செயலிழக்கும் நோயினை 1779ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் விரிவாக எழுதினார். அதன் காரணமான காசநோய்க் கிருமியை 1882இல் ஜெர்மனியின் ராபர்ட் காஹ் கண்டறிந்து வெளியிட்டார். எலும்பைப் பூஞ்சை தாக்கும் என்ற உண்மை தெளிவானது இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில். அது தெளிவான இடம் இந்தியா.

மதுரைப் பாதம்

மதுரைப் பகுதி உழவர்களிடையே பாதம் வீங்கி, பல துளைகள் தோன்றி, அவற்றினின்று சீழும் சிறு மணிகளும் வெளிவரும் ஒரு நோய் இருந்தது. 1842ஆம் ஆண்டில் ஜான் கில் என்ற மருத்துவர் இதனைக் குறித்து எழுதினார். பின்னர் இந்நோய்க்கு ‘மதுரைப் பாதம்’ என்ற பெயரே நிலைத்தது. பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வான்டைக் கார்ட்டர் 1860ஆம் ஆண்டளவில் அந்த மணிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவை பூஞ்சையின் திரள்கள் என்று நிறுவினார். ‘கிரே’யின் உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. இந்நோய்க்கு அவர் இட்ட ‘மைசிடோமா’ என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

முள் குத்திய காயத்தின் வழியே மண்ணிலுள்ள உயிர்கள் தோலினுள் புகுவதால் இந்நோய் உண்டாகிறது. கறுப்பு மணிகளை உண்டாக்குபவை பூஞ்சைகள். மஞ்சள், சிவப்பு மணிகள் பெரும்பாலும் பூஞ்சை போல் இழைகளாக வளரும் ஒருவகைப் பாக்டீரியாவால் தோன்றுவன. வெறுங்காலுடன் நடப்போர்க்குப் பாதத்தில் வருவது போல, விறகையும் மூட்டையையும் முதுகில் சுமப்போர்க்கு முதுகிலும் இது வரலாம். மெக்சிகோ நாட்டில் முதுகில் தோன்றும் மைசிடோமா மிகுதி; அங்கே அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பாக்டீரியா இனமே. அது தோலிலிருந்து உள்ளே பரவி முள்ளெலும்பை அடைந்து, தண்டுவடத்தை நெருக்கி, கால்களை முடக்கிய நிகழ்ச்சிகள் அங்கே அறியப்பட்டுள்ளன. ஏழை உழைப்பாளிகளின் நோயான இதனை உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

பூஞ்சை நுழையும் வழிகள்

பூஞ்சை முதுகெலும்பை அடைவதற்கு மூன்று வழிகள் உண்டு. இரத்த ஓட்டத்தில் கலந்து வருதல் முதலாவது. நுரையீரல் போன்ற அண்டை உறுப்பிலிருந்து நேரே பரவுதல் இரண்டாவது. காயத்தாலோ, ஊசியாலோ, அறுவைச் சிகிச்சையாலோ உள்ளே செலுத்தப்படுதல் மூன்றாவது.

முதல் வழியில் வருவனவற்றுள் முதன்மையானது ‘காண்டிடா’. இது ஈஸ்ட் வகையைச் சேர்ந்தது. நலமுள்ள மனிதரின் வாயிலும் குடலிலும் தீங்கின்றி வாழ்வது. நெடுங்காலம் இரத்தக் குழாயில் குழல் செருகப்பட்டுத் தீவிரச் சிகிச்சையில் கிடந்தவர்கள், பலவகை எதிருயிரி மருந்துகளைத் தொடர்ந்து பெற்றவர்கள், தூய்மையற்ற ஊசியால் போதை மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் ஆகியோரின் இரத்தத்தில் இது கலக்க இடமுண்டு. அவ்வமயம் வந்த காய்ச்சல் தணிந்து, நோயாளி வீடு திரும்பிப் பல மாதங்கள் சென்றபின் இடுப்பில் வலி தோன்றும். முன்னைய காய்ச்சலுக்கும் பின்னைய வலிக்கும் உள்ள தொடர்பு நோயாளிக்கும் தோன்றாது. கேட்காவிடில் மருத்துவருக்கும் தெரியாது.

இரண்டாம் வழியில் வருவது ‘ஆஸ்பெர்ஜில்லஸ்’. ஈர ரொட்டியிலும், மக்கிய வைக்கோலிலும், பழைய சுவரிலும் படரும் பூஞ்சை இனம் இது. இதன் வித்துகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முந்நூற்றில் ஒரு பங்கு அளவே உள்ளன. நாம் யாவரும் நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கிறோம். நுரையீரலில் உள்ள காவற் செல்கள் அவற்றை விழுங்கி அழித்துவிடுகின்றன. அக்காவல் தளர்ந்தபோது வித்து முளைக்கிறது. இழைகள் நுரையீரலைத் துளைத்து, விலா எலும்பையும் அதன் அருகிலுள்ள முள்ளெலும்பையும் அடைகின்றன. காவற் செல்கள் கிருமிகளைக் கொல்லும் ஆற்றலைப் பிறவியிலேயே இழந்த குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களிடம் இவ்வகைப் பரவுதல் அதிகம். உறுப்பு மாற்றம் பெற்றவர்கள், இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்பவர்கள், நீரிழிவு கட்டுப்படாதவர்கள் ஆகியோரும் எளிதில் இதற்கு இரையாகின்றனர்.

புறாக்களின் எச்சத்தில் மிகுந்து காணப்படும் ‘கிரிப்டோகாக்கஸ்’ என்ற பூஞ்சையும் சிலசமயம் முள்ளெலும்பில் தங்கும். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களிலும் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியிலும் வேறு சில இனங்கள் உள்ளன. அவை முற்றிலும் நலமுள்ளவரையும் தாக்க வல்லவை. அவற்றுள் சில நம் நாட்டிலும் காணப்படுகின்றன.

மருந்தே நஞ்சான வரலாறு

மூன்றாம் வழிக்கு 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்தது மறக்கவொண்ணாத சான்று. முதுகுவலியைத் தணிக்கத் தண்டுவட உறையின் அருகே ஸ்டீராய்டு மருந்தை ஊசியால் செலுத்துவது பரவலான முறை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு மருந்துக் கலவை நிலையத்தில் தயாரான குப்பிகள் பூஞ்சையால் மாசுபட்டிருந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் டென்னசி மாநிலத்தில் ஒரு நோயாளியிடம் முதலில் பூஞ்சை மூளையுறை அழற்சி கண்டறியப்பட்டது. விசாரணை விரிந்தபோது, சுமார் 14,000 பேர் அம்மருந்தைப் பெற்றிருந்தமை தெரிந்தது. ஓராண்டின் முடிவில் 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றதாகவும், அவர்களுள் 64 பேர் இறந்ததாகவும் அரசின் கணக்குக் கூறிற்று.

பெரும்பாலோரிடம் காணப்பட்டது ‘எக்சரோஹைலம்’ என்னும் பூஞ்சை. புல்லிலும் பயிரிலும் இலைப்புள்ளி நோயை உண்டாக்கும் இதனை மனித நோயின் காரணமாக மருத்துவர்கள் அதற்குமுன் அரிதாகவே கண்டிருந்தனர். சிலருக்கு மூளையுறை அழற்சி வந்தது. வேறு சிலருக்கு ஊசி குத்திய இடத்திலேயே சீழ்க்கட்டியும் வட்டு அழிவும் முள்ளெலும்பு நோயும் வந்தன. அவர்களுக்கு முன்னரே முதுகுவலி இருந்தமையால், புதிய வலியைப் பழைய வலி என்றே எண்ணியவர் பலர். ஊசிமருந்தின் தூய்மையைக் காப்பதில் சிறு தளர்ச்சியும் எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதற்கு இதனினும் வலிய பாடம் வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் ஒரு பாடம் கிடைத்தது. 2021ஆம் ஆண்டில் கொரோனா நோயின் இரண்டாம் அலையில், ஸ்டீராய்டு மருந்தும் கட்டுப்படாத நீரிழிவும் சேர்ந்து, ‘கருப்புப் பூஞ்சை’ என்று மக்கள் அழைத்த மியூகர் நோயைப் பெருக்கின. அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் 40,000 பேருக்கு மேல் அதற்கு ஆளாயினர். மூக்கையும் கண்ணையும் அழித்த அந்நோயை நாடே அறியும். அதே காலத்தில், கொரோனாவிலிருந்து மீண்ட சிலரிடம் ஆஸ்பெர்ஜில்லஸ் முள்ளெலும்பில் குடிகொண்டு கடும் முதுகுவலியை உண்டாக்கியதை நம் மருத்துவர்கள் கண்டனர். அந்நோயும் காசநோயின் சாயலிலேயே தோன்றிற்று.

கண்டறியும் முறை

காந்த அதிர்வுப் படம் முள்ளெலும்பின் அழிவையும், சீழ்க்கட்டியையும், தண்டுவடத்தின் நெருக்கத்தையும் தெளிவாகக் காட்டும். ஆனால் அழிப்பவர் யார் என்பதை அது உறுதியாகச் சொல்லாது. அதற்கு நோயுற்ற இடத்தின் திசுவையே எடுத்துச் சோதித்தல் வேண்டும். படத்தின் துணைகொண்டு தோலின் வழியே ஊசியைச் செலுத்தித் திசுவின் சிறு துண்டை எடுப்பது இன்று பெரிய மருத்துவமனைகளில் இயல்பாகச் செய்யப்படுகிறது.

எடுத்த திசுவை அனுப்பும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. திசுவியல் சோதனைக்கு அதனை ஃபார்மலினில் இடுவர். ஃபார்மலின் உயிர்களைக் கொன்றுவிடும். பின்னர் அதிலிருந்து எந்தக் கிருமியையும் வளர்க்க இயலாது. எனவே திசுவை இரு பங்காக்கி, ஒரு பங்கை ஃபார்மலினிலும் மற்றொரு பங்கைத் தூய உப்பு நீரிலும் அனுப்புதல் வேண்டும். இந்தச் சிறு செயல் தவறுவதால், நோயாளி மீண்டும் ஒருமுறை ஊசி முனைக்கு உட்பட நேர்கிறது.

ஆய்வகத்தில் திசுவின் ஒரு பகுதியைக் காரக் கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியக்கூடும். வெள்ளி உப்பினால் சாயமேற்றினால் இழைகள் கருநிறமாகத் துலங்கும். குறுக்குச் சுவர்களுடன் கூர்ங்கோணத்தில் கிளைத்திருப்பின் ஆஸ்பெர்ஜில்லஸ் என்றும், நாடா போல் அகன்று குறுக்குச் சுவரின்றி இருப்பின் மியூகர் என்றும் ஊகிப்பர். வளர்ப்புச் சோதனையில் ஆஸ்பெர்ஜில்லஸ் சில நாட்களிலேயே வளர்ந்துவிடும். காசநோய்க் கிருமியோ ஆறு முதல் எட்டு வாரங்கள்வரை எடுத்துக்கொள்ளும். அதே திசுவில் காசநோய்க் கிருமியின் மரபுப்பொருளைச் சில மணி நேரத்தில் காட்டும் கருவியும் இப்போது நம் நாட்டில் பரவலாக உள்ளது. அரிய பூஞ்சைகளை இனங்காண்பதற்குச் சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில், நோய்தரும் பூஞ்சைகளுக்கான தேசியச் சேமிப்பகம் ஒன்று அமைந்துள்ளது.

மருந்துகள்

பூஞ்சையின் செல், பாக்டீரியாவின் செல்லைவிட மனிதச் செல்லை மிகவும் ஒத்தது. ஆதலால் பூஞ்சையைக் கொன்று மனிதனைக் காக்கும் மருந்துகள் மிகச் சிலவே. மனிதச் செல்லின் உறையில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில், பூஞ்சையின் உறையில் எர்காஸ்டிரால் என்ற பொருள் உள்ளது. பெரும்பாலான மருந்துகள் இந்த ஒரு வேற்றுமையையே பற்றிநிற்கின்றன.

வெனிசுவேலா நாட்டின் ஆரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950களில் ஆம்போடெரிசின்-பி பிரித்தெடுக்கப்பட்டது. அது எர்காஸ்டிராலைப் பற்றிப் பூஞ்சையின் உறையைச் சிதைக்கிறது. உயிர்காக்கும் மருந்தாயினும் குளிர் நடுக்கத்தையும் சிறுநீரகக் கேட்டினையும் விளைப்பது. கொழுப்புத் துகள்களுள் அடக்கிச் செலுத்தும் இன்றைய முறையால் அத்தீமை பெரிதும் குறைந்துள்ளது. 1960களின் தொடக்கத்தில் புணேக்கு அருகிலுள்ள பிம்ப்ரியில், அரசின் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் திருமலாச்சாரும் அவர்தம் குழுவினரும் ‘ஹாமைசின்’ என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைக் கண்டனர். அது ஆம்போடெரிசினின் இடத்தைப் பெறவில்லையாயினும், நம் மண்ணிலிருந்தே மருந்து காணலாம் என்பதற்குச் சான்றாயிற்று.

எர்காஸ்டிரால் உருவாவதையே தடுக்கும் அசோல் மருந்துகள் பின்னர் வந்தன. காண்டிடாவுக்கு ஃபுளூகோனசோல் பயன்படும். அது ஆஸ்பெர்ஜில்லஸை ஒன்றும் செய்யாது. ஆஸ்பெர்ஜில்லஸுக்கு 2002ஆம் ஆண்டில் வழக்கத்துக்கு வந்த வோரிகோனசோல் ஏற்றது. ஆகவே ‘பூஞ்சை’ என்று பொதுப்பெயர் அறிந்தால் போதாது. எந்தப் பூஞ்சை என்றும் அறிதல் வேண்டும். எலும்பு நோய்க்கு மருந்து பல மாதங்கள் தொடர வேண்டும். தண்டுவடம் நெருக்கப்பட்டாலோ எலும்பு நிலைகுலைந்தாலோ அறுவைச் சிகிச்சையும் உடன் தேவைப்படும்.

இங்கே ஒரு பேராபத்து உண்டு. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, வோரிகோனசோலைச் சிதைத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பத்தில் ஒரு பங்கினும் குறைத்துவிடுகிறது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரு நோய்க்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், பூஞ்சை மருந்து கொடுத்தும் கொடாததற்குச் சமமாகிறது. திசுச் சோதனையின் இன்றியமையாமைக்கு இது ஒன்றே போதிய காரணம்.

ஃபுளோரைடால் இறுகும் முதுகு

வோரிகோனசோல் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று ஃபுளோரின் அணுக்கள் உள்ளன. நெடுங்காலம் அதனை உண்போர் சிலருக்கு இரத்தத்தில் ஃபுளோரைடு மிகுந்து, எலும்பின் மேலுறை தடித்து வலிப்பது உண்டு. மருந்தை நிறுத்தினால் வலி தணியும். சிலருக்கு மருந்தால் நேரும் இத்தீமை, நம் நாட்டின் பல கிராமங்களில் கிணற்று நீராலேயே நேர்கிறது.

1937ஆம் ஆண்டில் ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்டு, மன்னாடி நாயர் ஆகியோர், அந்நாள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் முதுகு இறுகி, நிமிரவும் குனியவும் இயலாதிருந்தோரை ஆராய்ந்து, குடிநீரிலுள்ள மிகுதியான ஃபுளோரைடே அதற்குக் காரணம் என்று காட்டினர். ஃபுளோரைடு எலும்பின் தாதுப்பொருளில் இடம்பெற்று, எலும்பைக் கனமாக்குகிறது. ஆனால் வலிமையைக் கூட்டுவதில்லை. முள்ளெலும்புகளைக் கட்டும் தசைநாண்களில் சுண்ணாம்பு படிந்து, முதுகு முழுதும் ஒரே கம்பு போலாகிறது. தண்டுவடக் குழாய் குறுகி, இறுதியில் கால்கள் முடங்குகின்றன. பஞ்சாபில் இத்தகைய நரம்புக் கேடுகளை 1960களின் தொடக்கத்தில் அமர்ஜித் சிங்கும் ஜாலியும் விரிவாக ஆராய்ந்தனர்.

பூஞ்சை எலும்பைக் கரைக்கிறது. ஃபுளோரைடு எலும்பை மிகைப்படுத்துகிறது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் முன்கையின் இரு எலும்புகளுக்கு இடையே உள்ள சவ்வு சுண்ணாம்பேறித் தோன்றுவது பின்னதன் சிறந்த அடையாளம். முற்றிய நோய்க்கு மருந்தில்லை, தடுப்பதே வழி. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தலாகாது என்றும், வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 மில்லிகிராம்வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. படிகாரத்தையும் சுண்ணாம்பையும் இட்டு ஃபுளோரைடைப் படியவைக்கும் எளிய முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழற் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1970களில் வகுத்தது. அது ‘நல்கொண்டா முறை’ எனப் பெயர் பெற்றது.

நாம் செய்யத்தக்கவை

ஓய்விலும் நீங்காது வாரங்கள் தொடரும் முதுகுவலியை எண்ணெய்த் தேய்ப்பாலும் வலி மாத்திரையாலும் மறைத்துக்கொண்டிருத்தல் கூடாது. கால்களில் மரப்பு, தளர்ச்சி, சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். முன்பு தீவிரச் சிகிச்சையில் இருந்தமை, நீண்ட ஸ்டீராய்டு மருந்து, நீரிழிவு, முதுகில் போட்ட ஊசி, முள் குத்திய பழைய காயம் ஆகியவற்றை மருத்துவர் கேளாவிடினும் நோயாளியே சொல்லுதல் நன்று. காசநோய் என உறுதிப்பட்டவர்கள் மருந்தை இடையில் நிறுத்தலாகாது என்பதையும் இங்கே வற்புறுத்துதல் வேண்டும். மருந்து தொடங்கி இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின்னும் வலி வளருமாயின், அது மருந்துக்கு அடங்காத காசநோயாகவும் இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். ஊகத்தால் மருந்தை மாற்றுவதைவிட, திசுவைச் சோதித்து விடை காண்பதே அறிவுடைமை.

2022ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் மனிதனுக்கு மிகுந்த தீங்கு செய்யும் 19 பூஞ்சை இனங்களை முதன்முறையாகப் பட்டியலிட்டது. இக்கட்டுரையில் கூறிய ஆஸ்பெர்ஜில்லஸும், காண்டிடாவும், கிரிப்டோகாக்கஸும் அப்பட்டியலின் முதல் வரிசையில் உள்ளன. அரிய நோய் என்பதற்காக இவற்றை மறந்துவிடலாகாது. ஆயிரத்தில் ஒருவருக்கே நேரினும், அந்த ஒருவர் மீண்டும் எழுந்து நடப்பதும் நடவாதிருப்பதும், தக்க நேரத்தில் எடுக்கப்படும் ஒரு சிறு திசுத் துண்டைப் பொறுத்திருக்கிறது.